பழைய பொருள்களும் பழகிய கைகளும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பாகிய பேச்சின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரில் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வீட்டுப் பாவனைப் பொருள்களே. ஒரு காலத்தில் எங்கள் வீடுகளில் நாள்தோறும் கைபட்டு வாழ்ந்து, பின்னர் பரணுக்கும் கோடிப்புறத்துக்கும் ஒதுக்கப்பட்டு, இன்று பழைய இரும்பு வாங்குவோரின் தராசுக்குப் போய்க்கொண்டிருக்கும் சாதனங்களைப் பற்றிச் சில சொல்லலாம் என்று நினைக்கிறேன். தையல் மெசின், கரி போட்டு அழுத்தும் ஸ்திரிக்கைப் பெட்டி, அரிக்கன் லாம்பு, பெற்றோமக்ஸ், வால்வு வானொலி ஆகியவை அவற்றுட் சில. இவற்றுக்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். தொடர்பு இருக்கிறது, அதுவும் மிகப் பழைய தொடர்பு.

புறநானூற்றின் 95ஆம் பாடல் ஔவையார் பாடியது. அதியமானின் தூதுவராகத் தொண்டைமானிடம் சென்றபோது, தொண்டைமான் தனது படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டுகிறான். ஔவையார் பார்க்கிறார். இங்கே உள்ளவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மாளிகையில் அழகாக இருக்கின்றன என்கிறார். எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, எப்போதும் கொல்லனுடைய சிறிய பட்டறையிலே கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலப் பழித்து, பழிப்பது போலப் புகழ்ந்த இந்தப் பாட்டை வகுப்பிலே படிப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. ஒரு கருவியின் பெருமை எதில் இருக்கிறது? அது மினுக்கி வைக்கப்பட்டிருப்பதிலா, அல்லது தேய்ந்தும் முறிந்தும் திருத்தப்பட்டும் உழைப்பதிலா? பழைய பொருள்களைச் சேர்த்து வைக்கும் பழக்கமுள்ள எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

சங்கப் புலவர்கள் வீட்டுப் பொருள்களை அற்பமென்று ஒதுக்கியவர்கள் அல்லர். நெடுநல்வாடையிலே அரண்மனையில் எரியும் விளக்கு யவனர் செய்த பாவை விளக்கு. கையிலே அகலை ஏந்தி நிற்கும் அந்தப் பாவையின் அகலில் நெய் குறைய, குறைய ஊற்றுகிறார்கள், திரியைத் தூண்டுகிறார்கள். முல்லைப்பாட்டிலே பாசறையில் நேரம் அறிவதற்கு நீர் நிறையும் கன்னல் வருகிறது. அந்நிய நாட்டார் செய்த பொருளானாலும், எங்கள் வீட்டுக்குள் வந்து எங்கள் கைக்குப் பழகிவிட்டால் அது எங்களுடையதே. இந்த எண்ணம் எமக்குப் புதியது அல்ல. யவனர் விளக்கு வந்த வழியிலேதான் பல நூற்றாண்டுகள் கழித்து ஜேர்மனிய நாட்டுப் பெற்றோமக்ஸும் ஸ்கொத்லாந்தில் செய்த தையல் மெசினும் வந்து சேர்ந்தன எனலாம்.

பொருள் வரும்போது சொல்லும் கூடவே வரும். யாழ்ப்பாணத்து வீடொன்றுக்குள் நுழைந்து பாருங்கள். கதிரை, மேசை, அலுமாரி, குசினி, தாச்சி எல்லாம் போர்த்துக்கேயர் வழியாக வந்த சொற்கள். மேசை லாச்சி ஒல்லாந்தர் தந்தது. இஸ்திரி என்ற சொல்லும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்ததென்றே கூறுவர். அரிக்கன் லாம்பு என்பது ஆங்கிலப் பெயர் எங்கள் நாவிலே உருண்டு பெற்ற வடிவம். "ஹரிக்கேன்" என்றால் சூறாவளி. சூறாவளிக்கும் அணையாத விளக்கு என்ற பொருளிலே வெள்ளைக்காரன் வைத்த பெயரை எங்கள் கிழவிகள் "அரிக்கன்" ஆக்கினார்கள். அதிலே ஒரு தமிழ் அழகும் வந்து சேர்ந்துவிட்டது.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். நான் பிறந்து வளர்ந்தது வலிகாமத்தில் ஒரு கிராமம். 1980களின் நடுப்பகுதியில், எனக்கு நினைவு தெரிந்த நாளிலே, எங்கள் விறாந்தையின் சுவரோரம் ஒரு பலகையில் தாத்தாவின் வால்வு வானொலி இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு வானொலி என்றால் உடனே பேசுவது. அந்த வானொலி அப்படியல்ல. திருகிவிட்டு அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடேறி, மெல்லச் சிவந்து, முகப்பிலே பச்சைக் கண் ஒன்று விழித்த பிறகுதான் குரல் வரும். அந்தக் காத்திருப்பிலே ஒரு மரியாதை இருந்தது. செய்தி நேரத்துக்கு முன்னரே தாத்தா முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு கதிரையில் வந்து அமர்ந்துவிடுவார்.

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆரம்பமாயிற்று. 1949இல் அது ரேடியோ சிலோன் என்ற பெயரைப் பெற்றது. 1967இல் கூட்டுத்தாபனம் ஆயிற்று. இந்த ஆண்டுகளையெல்லாம் நான் பின்னாளிற் படித்தே அறிந்துகொண்டேன். ஆனால் தமிழகத்து மக்களும் எங்கள் நாட்டு ஒலிபரப்பை விரும்பிக் கேட்ட காலத்தை, தாத்தா அந்தப் பெட்டியைத் தட்டித் தட்டிப் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏதோ அவரே ஒலிபரப்பாளர் என்பதுபோல இருக்கும் அவர் பேச்சு.

குசினிக்குப் பக்கத்து அறையில் ஸ்திரிக்கைப் பெட்டி இருந்தது. முன்பக்கத்து மூடியைப் பூட்டும் கொக்கியின் மேலே ஒரு சிறிய சேவல் நிற்கும். அம்மா சிரட்டைக் கரியைத் தணலாக்கிப் பெட்டிக்குள் இட்டு, வாசலில் நின்று இரண்டு பக்கமும் வீசுவா. காற்றுப் பட்டுத் தணல் கனன்றதும் வாழையிலைத் துண்டொன்றிலே தேய்த்துப் பார்ப்பா. சூடு கூடினால் இலை கருகும். அளவாக இருந்தால் வழுக்கும். வெப்பமானி எதுவும் இல்லாமல் வாழையிலையே சூடு அளந்த காலம் அது. பாடசாலைச் சீருடையில் ஒரு பொறி விழுந்தாலும் போதும், அந்த ஆண்டு முழுவதும் ஓட்டையோடு போகவேண்டியதுதான். ஆகவே பெட்டியை எந்தப் பக்கம் சரித்துப் பிடிப்பது என்பதிலே ஒரு கலையே இருந்தது.

ஆனால் எங்கள் வீட்டின் உண்மையான அரசி தையல் மெசின்தான். சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. தவணைப் பணம் கட்டி வாங்கும் முறையை ஊருலகத்துக்குப் பழக்கியதும் அந்த நிறுவனமே. எங்கள் மெசின் புதிதாக வாங்கியதன்று. 1946இல் அம்மம்மாவின் கலியாணத்துக்குச் சீதனமாக, இரண்டாம் கையாக வாங்கிக் கொடுத்தது. கரிய உடல், அதன்மேல் பொன்னிற எழுத்துகள், கீழே இரும்புக் கால், மிதித்தால் தோல்வார் சக்கரத்தைச் சுழற்றும். நூல் சுற்றிய சிறு உருளையைப் படகு போன்ற ஓர் உலோகக் கூட்டுக்குள் இட்டு அடியிலே பூட்டவேண்டும். அது முன்னும் பின்னும் ஆடி ஓடும்போது எழும் ஓசைதான் என் குழந்தைப் பருவத்துத் தாலாட்டு என்றாலும் மிகையாகாது.

அந்த மெசினின் உடலிலே சிறகு முளைத்த ஓர் உருவம் பொன்னிறத்தில் வரையப்பட்டிருந்தது. மனித முகமும் சிங்க உடலும் கொண்ட எகிப்து நாட்டு ஸ்பிங்ஸ் அது என்று எனக்குப் பின்னாளிலேதான் தெரியும். அம்மம்மாவுக்கு அது ஏதோ ஒரு தெய்வம். நவராத்திரி முடிவில் ஆயுத பூசையன்று அந்த உருவத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூவும் சாத்துவா. அன்றைக்கு மெசினை எவரும் தொடக்கூடாது. உழைக்கும் கருவிக்கு ஆண்டிலொரு நாள் ஓய்வும் பூசையும் கொடுத்த சமூகம் எங்களுடையது என்பதை நாங்கள் மறந்துவிடலாகாது.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது. அதற்குப் பின்னர் எத்தனையோ ஆண்டுகள் யாழ்ப்பாணத்து வீடுகளில் மின்குமிழ் எரியவில்லை. மின்கலங்களுக்கும் எரிபொருளுக்கும் தடை வந்தது. அப்போது எனக்கு 10 வயது. அதுவரை பரணிலே கிடந்த பொருள்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்ததை நான் கண்ணாரக் கண்டேன். உபயோகமில்லை என்று ஒதுக்கப்பட்டவை உயிர் பெற்றன. புதியவை ஊமையாயின. தாத்தாவின் வால்வு வானொலியும் ஊமையாயிற்று. ஆனாலும் அவர் அதன்மேல் தூசி படிய விடவில்லை.

முதலில் இறங்கியது பெற்றோமக்ஸ். அதைக் கொளுத்துவது அப்பாவின் தனியுரிமை. தாங்கியில் மண்ணெண்ணெய் நிரப்பி, கிண்ணத்தில் ஸ்பிரிற் விட்டுக் கொளுத்தி, குழாயைச் சூடேற்றுவார். பிறகு பம் அடிப்பார். அழுத்தத்தால் மேலேறும் எண்ணெய், சூடான குழாயில் ஆவியாகி, மென்டிலிலே போய் எரியும். சீறிக்கொண்டு வரும் வெள்ளை ஒளியிலே முற்றமே பகலாகும். மென்டில் என்ற அந்த வலைப் பையை 1885இல் கண்டுபிடித்தவர் ஒஸ்ரியா நாட்டு அறிஞர் கார்ல் அவுவர் என்பவர். தோரியம், சீரியம் என்னும் மூலகங்களின் உப்புகளிலே தோய்த்த துணி அது. ஒருமுறை எரிந்ததும் துணி அழிந்து, உப்புகளின் சாம்பல் மட்டும் துணியின் வடிவிலே தொங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சாம்பல்தான் ஒளிர்கிறது. தொட்டால் உதிரும்; ஓர் ஈசல் மோதினாலும் ஓட்டை விழும். பெற்றோமக்ஸ் எரியும்போது நாங்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்ததற்குக் காரணம் இதுவே. மென்டில் முடிந்தது, அடுத்தது கிடைக்கவில்லை, பெற்றோமக்ஸ் மீண்டும் பரணேறியது.

அரிக்கன் லாம்பு அதைவிடச் சிக்கனமானது. மாலை ஐந்து மணிக்குச் சிமினியைக் கழற்றிச் சாம்பல் தொட்டுத் துடைப்பது என் தங்கையின் வேலை. அவளுடைய கைதான் சிமினிக்குள் நுழையும் அளவு சிறியது. மண்ணெண்ணெய் விலை ஏற ஏற அரிக்கன் லாம்பும் ஆடம்பரமாயிற்று. பிறகு வந்ததுதான் சிக்கன விளக்கு. ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மாத்திரம் எண்ணெய் விட்டு, தகரத் துண்டிலே திரியை நிமிர்த்தி வைப்பார்கள். சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும், போத்தலே சிமினி. காற்றுக்கு அணையாது, எண்ணெயும் குடிக்காது. ஒரு தலைமுறை மாணவர்கள் அந்த வெளிச்சத்திலேதான் படித்துச் சோதனை எழுதினார்கள். இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் உலகமெங்கும் இருக்கும் பலருடைய கல்விக்கு அந்த ஜாம் போத்தல்கள் சாட்சி.

வானொலி ஊமையான பிறகு வீட்டிலிருந்த சிறிய ட்ரான்சிஸ்ரருக்குச் சைக்கிள் உயிர் கொடுத்தது. சைக்கிளை ஸ்ராண்டிலே நிறுத்தி, பின்சில்லோடு டைனமோவைச் சாய்த்துவிட்டுக் கையாலே பெடலைச் சுற்றவேண்டும். டைனமோ தருவது 6 வோல்ற். ஆனால் அது திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம், வானொலிக்கு ஆகாது. அதற்கு டயோட்டுகளைப் பூட்டி நேரோட்டமாக்கினார்கள். ஒரு மின்கொள்ளளவியையும் இணைத்துச் சீராக்கினார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஊரிலே சைக்கிளும் வானொலியும் திருத்திய இளைஞர்கள். இரவிலே பி.பி.சி. தமிழோசை கேட்பதற்குப் பிள்ளைகள் முறை வைத்துச் சுற்றுவோம். சுற்றும் கை தளர்ந்தால் செய்தியும் தளரும். "டேய் தம்பி, நித்திரை கொள்ளாமல் சுத்தடா, ஆள் என்ன சொல்லுறான் எண்டு விளங்கேல்லை" என்று தாத்தா சத்தம் போடுவார். அந்தத் தமிழோசை வானொலியும் 2017ஆம் ஆண்டு ஏப்பிரலோடு நின்றுவிட்டது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஓரிரவில் இடம்பெயர்ந்தார்கள். அந்த நிகழ்வைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள்; நான் இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தீர்மானம் எடுக்கவேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலே அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. திருகாணி முடுக்கியை எடுத்து, தோல்வாரைக் கழற்றி, மெசினின் தலையை மட்டும் இரும்புக் காலிலிருந்து பிரித்தா. 12 கிலோவுக்குக் குறையாத அந்த இரும்பைச் சேலையொன்றிலே சுற்றி, சைக்கிள் கரியரிலே கட்டினா. வேறு உடுப்புகள் பெரும்பாலும் அங்கேயே கிடந்தன. செம்மணி வெளியைத் தாண்டித் தென்மராட்சி போய்ச் சேரும்வரை மழை. அப்பா சைக்கிளைத் தள்ள, அம்மா கரியரிலே கையை வைத்தபடியே நடந்து வந்தா.

ஏன் அதை எடுத்தா? பழைய பொருள் என்ற பாசத்தினாலா? சீதனம் என்பதாலா? இரண்டுமல்ல. தென்மராட்சியில் நாங்கள் தங்கியிருந்த கொட்டிலிலே மெசின் தலையை ஒரு பலகையில் வைத்து, சக்கரத்தைக் கையாலே சுற்றிச் சுற்றி அம்மா தைத்தா. கிழிந்த உடுப்புகளைத் திருத்தவும், பழைய சேலைகளைப் பிள்ளைகளின் சட்டைகளாக்கவும் அயலிலிருந்த அகதிக் குடும்பங்கள் வந்தன. காசு தந்தவர்களும் உண்டு. அரிசி தந்தவர்களும் உண்டு. ஒன்றும் தர இயலாதவர்களும் உண்டு. அந்த மாதங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அந்த மெசினாலேதான்.

1996இல் ஊர் திரும்பியபோது மெசினின் இரும்புக் கால் இல்லை. தாத்தாவின் வானொலிப் பெட்டி இருந்தது; உள்ளே வால்வுகளும் ட்ரான்ஸ்போமரும் இல்லை. வெற்றுப் பெட்டிக்குள் கோழியொன்று முட்டையிட்டு அடைகாத்தது. தாத்தா அதைப் பார்த்துவிட்டு, "சரி, இதிலை இருந்து இனியும் ஏதோ சத்தம் வரத்தானே போகுது" என்றார். அவருடைய நகைச்சுவைக்குப் பின்னால் இருந்த துயரம் எங்களுக்கு விளங்காமலில்லை. காலில்லாத மெசினைப் பார்த்து அம்மம்மா கண் கலங்கியபோது அம்மா சொன்னது இன்றும் என் காதில் நிற்கிறது. "கால் போனால் போகட்டுமணை, கை இருக்குத்தானே." நகரிலே மெசின் திருத்தும் ஒருவரிடம் பழைய கைச்சுற்றி ஒன்றை வாங்கிப் பூட்டினார் அப்பா. கால் மெசின் கை மெசினாயிற்று. நான் பல்கலைக்கழகம் புகுந்தபோது உடுத்த சேட்டும் அதிலே தைத்ததே.

என்னுடைய சேகரிப்பு அந்த மெசினோடு தொடங்கியது என்று சொல்லலாம். ஆனால் அதற்கு ஒரு நோக்கம் பிறந்தது வகுப்பறையிலேதான். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஈழத்துச் சிறுகதையொன்றைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கதையிலே ஒரு தாய் அரிக்கன் லாம்பின் திரியைக் குறைத்துவிட்டுப் படுக்கிறாள். அந்த ஒரு செயலிலேதான் கதையின் முழு வறுமையும் அடங்கியிருக்கிறது. "திரியைக் குறைத்தல் என்றால் என்ன?" என்று கேட்டேன். 38 பிள்ளைகள் இருந்த வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. கெட்டிக்காரன் ஒருவன் எழுந்து, "சேர், லைற்றை ஓஃப் பண்ணுறது" என்றான். அவன்மேல் குற்றமில்லை. பொருள் போயிற்று; அதோடு சொல் போயிற்று; சொல்லோடு கதையின் உயிரும் போயிற்று. அகராதியிலே பார்த்தால் திரி என்பதற்குப் பொருள் இருக்கும். எண்ணெயை மிச்சம் பிடிக்க ஒரு தாய் அதைக் குறைக்கும்போது சுவரிலே நிழல் பெரிதாகும் என்பது அகராதியில் இராது.

அடுத்த நாள் எங்கள் வீட்டு அரிக்கன் லாம்பை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கொளுத்தினேன். அந்தக் கெட்டிக்காரனையே அழைத்துத் திரியைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தான். வகுப்பு அமைதியாயிற்று. பிறகு அந்தக் கதைக்கு நான் அதிகம் விளக்கம் சொல்லவேண்டி இருக்கவில்லை.

அதன்பிறகு பிள்ளைகளே கொண்டுவரத் தொடங்கினார்கள். ஒருவன் பாட்டனாரின் பிறைமஸ் அடுப்பைக் கொண்டு வந்தான். சுவீடன் நாட்டில் 1892இல் பிறந்த அடுப்பு அது. 1953இல் எவரெஸ்ற் சிகரத்தை முதன்முதலில் எட்டியவர்களோடு மலையேறியதும் அந்த இன அடுப்பே. இன்னொருத்தி கறள் பிடித்த ஸ்திரிக்கைப் பெட்டியைக் கொண்டு வந்தாள். சேவலின் கொண்டை முறிந்திருந்தது. இப்போது எங்கள் வீட்டு விறாந்தையிலும் பக்கத்து அறையிலுமாக நாற்பதுக்குக் குறையாத பொருள்கள் உண்டு. ஸ்கொத்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் செய்த மெசின்களுக்கு இலக்கப் பதிவேடு இருக்கிறது. உடலிலே பொறித்த இலக்கத்தைக் கொண்டு எங்கள் மெசின் 1920ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கண்டுகொண்டேன். நூறு வயது தாண்டியும் அது தைக்கிறது. அந்தத் தொழிற்சாலை 1980இலேயே மூடப்பட்டுவிட்டது.

நேயர்களே, சேர்ப்பதிலும் ஓர் ஒழுக்கம் இருக்கவேண்டும் என்பது என் கருத்து. நான் எனக்கென்று சில விதிகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். பொருளுக்கு வர்ணம் பூசுவதில்லை. கறளை மண்ணெண்ணெயால் துடைப்பேன். தேய்வைத் தேய்வாகவே விடுவேன். பிடியிலே தேய்ந்திருக்கும் இடம் ஒரு தாயின் பெருவிரல் பதிந்த இடம். அதை மினுக்கினால் பொருள் இருக்கும், தாய் போய்விடுவா. இரண்டாவது, இயலுமானவரை இயங்கும் நிலையிலேயே வைத்திருப்பேன். மூன்றாவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பியில் குறிப்பு எழுதுவேன். யார் தந்தது, யார் பாவித்தது, கடைசியாக எப்போது பாவித்தது, அதன் ஒவ்வொரு உறுப்பையும் அந்த வீட்டிலே எப்படி அழைத்தார்கள் என்பவை அதில் இருக்கும். ஒரே உறுப்புக்கு வடமராட்சியில் ஒரு பெயரும் தீவகத்தில் வேறொரு பெயரும் சொன்னவர்கள் உண்டு. என் கொப்பி இன்று பொருட்பட்டியல் என்பதைவிடச் சொற்பட்டியலாகவே வளர்ந்திருக்கிறது.

நான்காவது விதிதான் முக்கியமானது. கஷ்டத்தினால் விற்க வருபவரிடம் பொருளை வாங்குவதில்லை. இயலுமான உதவியைச் செய்து, பொருளை அவரிடமே விட்டுவிடுவேன். ஒரு வீட்டின் வறுமை இன்னொரு வீட்டின் அலங்காரமாகலாமா? இன்று பழைய பொருள்களுக்கு நகரங்களிலே நல்ல விலை இருக்கிறது. உல்லாச விடுதிகளின் முகப்பிலே தையல் மெசினின் கால்கள் மேசைகளாக நிற்கின்றன. மேலே கண்ணாடி, கண்ணாடிமேல் கோப்பி. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், தொலைந்துபோன எங்கள் மெசினின் காலும் எங்கேயோ இப்படித்தான் நிற்கிறதோ என்று என் மனம் கேட்கும். தொண்டைமானின் படைக்கலக் கொட்டில் என் நினைவுக்கு வருவதும் அங்கேதான்.

இந்தச் சேகரிப்பால் என்ன பயன் என்று என்னைக் கேட்டவர்கள் பலர். 2022ஆம் ஆண்டு அதற்கு விடை சொல்லியது. நாட்டின் பொருளாதாரம் சரிந்த அந்த ஆண்டு மார்ச் மாத முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலங்கள் வரை போயிற்று. சமையல் எரிவாயுவுக்கு இரவிரவாக வரிசை. அப்போது அயலவர்கள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "சேர், அந்த லாம்பு ஒண்டு இரவல் தாறியளோ? பிள்ளைக்குச் சோதினை" என்று ஒருவர், "ஸ்திரிக்கைப் பெட்டியை ஒருக்கால் தாங்கோ" என்று இன்னொருவர். சிரட்டைக் கரிக்கு வரிசை இல்லையல்லவா! இரண்டு கிழமைக்குள் என் விறாந்தை அரைவாசி வெறுமையாயிற்று. லாம்பைக் கொண்டுபோனவர்களுக்குத் திரி வெட்டவும் சிமினி துடைக்கவும் என் தங்கை காட்டிக்கொடுத்தாள். இப்போது அவளுடைய கை சிமினிக்குள் நுழையாது. அவளுடைய மகளின் கை நுழைந்தது.

அந்த நாட்களிலே ஒரு முதிய அம்மாவும் வந்தா. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், "இனி எங்களுக்கு எதுக்கு, காஸ் இருக்கு" என்று சொல்லித் தனது மண்ணெண்ணெய்க் குக்கரை எனக்குத் தந்தவ அவ. வாசலிலே தயங்கித் தயங்கி நின்றா. "மாஸ்ரர், குறை நினையாதேங்கோ. நான் தந்த குக்கரைக் கொஞ்ச நாளைக்குத் திருப்பித் தாறியளே?" என்று கேட்டா. "உங்கட சாமான் அம்மா, இதிலை என்ன குறை" என்று சொல்லி, புதிய திரிகள் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடுதான். அந்த ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தது. ஆனாலும் அந்தக் குக்கரிலே அந்த அம்மா கஞ்சி காய்ச்சினா. பேரப்பிள்ளைகள் பசியோடு படுக்கவில்லை. நெருக்கடி தணிந்த பின்னர் மற்றப் பொருள்கள் பெரும்பாலும் திரும்பி வந்தன. அந்தக் குக்கர் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. என் கொப்பியில் அதன் பெயருக்கு எதிரே, "பாவனையில் உள்ளது" என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கொப்பியில் நான் எழுதிய குறிப்புகளுள் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே.

பழமையெல்லாம் இனிமை என்று நான் வாதாட வரவில்லை. புகையிலே கண் கலங்கிய தாய்மாரும், மண்ணெண்ணெய் விளக்குச் சரிந்து எரிகாயம்பட்ட குழந்தைகளும் அந்தக் காலத்திலேதான் இருந்தார்கள். மின்சாரமும் எரிவாயுவும் பெண்களின் முதுகிலிருந்து எவ்வளவோ பாரத்தை இறக்கியிருக்கின்றன. அந்தப் பாரம் மீண்டும் ஏறவேண்டும் என்று யார் விரும்புவார்? நான் சொல்வது வேறு. கையிருப்பிலே இருக்கும் ஓர் அறிவை, அது இன்று தேவையில்லை என்பதற்காக முற்றாக அழியவிடலாமா? ஒரு கருவியைத் திறந்து பார்க்கலாம், பழுது பார்க்கலாம், ஓர் உறுப்பு போனால் இன்னொன்றைப் பூட்டலாம் என்ற துணிவை அந்தப் பொருள்கள் எங்களுக்குத் தந்தன. இன்று எங்கள் வீடுகளிலுள்ள பல சாதனங்கள் பழுதானால் திறக்கவே முடியாதவை. எறிந்துவிட்டுப் புதிது வாங்கு என்பதே அவை போதிக்கும் பாடம். அந்தப் பாடத்தைப் படித்து வளரும் பிள்ளை, பொருளோடு மட்டுமா அப்படி நடந்துகொள்ளும்?

நாவற்குழியிலே சிவபூமி அரும்பொருட்காட்சியகம் 2020இல் திறக்கப்பட்டபின் பாடசாலைப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள். மகிழ்ச்சியான செய்தி. அத்தகைய முயற்சிகள் பெருகவேண்டும். ஆனால் காட்சியகத்துக்குப் போகாத பொருள்கள் எங்கள் வீடுகளில் இன்னும் ஏராளம் இருக்கின்றன. அவற்றைப் பாவித்த கைகளும் இன்னும் சில இருக்கின்றன. பொருள் இரும்பு, அது காத்திருக்கும். கை காத்திராது.

ஆகவே நேயர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். பழைய இரும்பு வாங்குபவர் படலையிலே வந்து கூப்பிடும்போது, கொடுப்பதென்றால் கொடுங்கள். அது உங்கள் உரிமை. கொடுப்பதற்கு முன்னர் அந்தப் பொருளை உங்கள் வீட்டு முதியவர் ஒருவரின் மடியிலோ முன்னாலோ வையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்துங்கள். இதன் பெயர் என்ன, இதை எப்படிப் பிடிப்பது, இதனால் யாருக்குச் சோறு கிடைத்தது என்று மூன்று கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். கிடைக்கும் விடையைப் பிள்ளை தன் சொந்த எழுத்தில் எழுதட்டும். இரும்பு போனாலும் அந்த ஒரு பக்கம் வீட்டிலே இருக்கும். நாளைக்கு ஒரு கதையிலோ கவிதையிலோ அந்தச் சொல் வரும்போது, வகுப்பிலே எழுந்து நின்று பொருள் சொல்ல ஒரு பிள்ளையாவது இருக்கும்.